கர்ப்பிணிகளின் வயிற்றுத் தொல்லை: எல்லாம் வாயுதானா?

நான் மருத்துவன் அல்லன். கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். அன்னதானக் கூடத்தில் பரிமாறும்போது, “நெஞ்சு எரியுது சார், கொஞ்சமாப் போடுங்க” என்று கர்ப்பிணிப் பெண்கள் சொல்வதை அடிக்கடி கேட்பதால் இதை எழுதுகிறேன்.

கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டரோன் என்னும் சுரப்புநீர் உடலில் பெருகுகிறது. கருப்பைத் தசையைத் தளர்த்தி வைப்பது அதன் வேலை. ஆனால் உணவுக்குழாயின் அடியிலுள்ள வால்வையும் குடலையும் அது சேர்த்தே தளர்த்திவிடுகிறது. அதனால் புளிப்பு மேலேறி நெஞ்சு எரிகிறது. உண்டது மெல்ல நகர்ந்து மலம் கட்டுகிறது. கடைசி மாதங்களில் கருப்பை வளர்ந்து இரைப்பையை நெருக்குவதால் எரிச்சல் கூடும்.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொண்டாலே பாதித் தொல்லை குறையும். எண்ணெய் மிதக்கும் சம்பால், பொரித்த பண்டம், கட்டித் தேத்தண்ணீர் ஆகியவற்றைக் குறைக்கலாம். இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, தலைமாட்டை உயர்த்தி, இடப்பக்கம் சாய்ந்து படுப்பது நல்லது. வெறும் வயிறு குமட்டலை அதிகப்படுத்தும். ஆகவே ஆடி வெள்ளி விரதத்தைப் பிள்ளை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையால் மலம் இறுகும், கறுக்கும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். தண்ணீர், கீரை, பழங்களைக் கூட்டுங்கள். மாத்திரையைத் தேத்தண்ணீரோடு மட்டும் விழுங்க வேண்டாம். பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுக்கும் பழைய தோட்டத்துப் பழக்கம் கர்ப்பிணிக்கு ஆகாது. கடையில் வாங்கும் நுரைத்துப் பொங்கும் வயிற்று உப்பையும் மிஸ்ஸியைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்திக்கு எட்டாம் மாதத்தில் இரவெல்லாம் மேல்வயிற்று வலி. மாமியார் வாயு என்று எண்ணி ஓமத் தண்ணீர் கொடுத்தார். நானும், “விடிந்ததும் பார்க்கலாம்” என்றுதான் சொன்னேன். விடியற்காலையில் அவளுக்குத் தலைவலி. “கம்போங் குவாந்தான் மின்மினியெல்லாம் கண்ணுக்குள்ளே பறக்குது சார்” என்றாள். என் காரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். இரத்தக் கொதிப்பு உச்சத்தில் இருந்தது. அன்றே அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த இரவு நான் சொன்ன வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

இதற்குப் பிரி-எக்லாம்சியா என்று பெயர். பொதுவாக 20 வாரங்களுக்குப் பிறகு வரும். கல்லீரலைத் தாக்கும்போது வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே வலிக்கும். ஒவ்வொரு முறையும் கிளினிக்கில் இரத்த அழுத்தமும் சிறுநீரும் சோதிப்பது முக்கியமாக இதற்காகத்தான். மேல்வயிற்று வலி, விடாத தலைவலி, பார்வை மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலும், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். வண்டி இல்லையென்றால் 999 எண்ணை அழையுங்கள். கிளினிக்கில் கொடுத்த பிங்க் நிறப் புத்தகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.