மின்தகடும் மின்பெட்டியும் பொருந்துமாறு

சென்னை மாநகருக்கு மின்சாரம் அளித்த பழைய நிலையங்களுள் முதன்மையானது பேசின் பாலத்தருகே அமைந்திருந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கு நிலக்கரி எரித்து மின்சாரம் எடுத்தனர். அதனை அடுத்துள்ள பேட்டையே புளியந்தோப்பு. பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகளில் நூற்றும் நெய்தும் வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே இருப்பிடம். விளக்கொளியின் பிறப்பிடத்துக்கு இவ்வளவு அண்மையில் இருந்தும், 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது வடசென்னையின் தாழ்ந்த தெருக்கள் இருளில் மூழ்கின. தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து உயிர்ச்சேதம் நேராதிருக்கும் பொருட்டு இணைப்புகள் நிறுத்தப்பட்டன. நீர் வடிந்து விளக்கெரியச் சில இடங்களில் நாட்கள் பல ஆயின.

மாடியில் சூரிய மின்தகடு பதித்துள்ளோர் இவ்விடரினின்று தப்பியிருப்பர் என்று எண்ணுதல் இயல்பே. ஆயின், மின்வாரியக் கம்பியுடன் இணைந்து, சேமகலம் இன்றி இயங்கும் தகடுகள், வாரிய மின்சாரம் நின்றவுடன் தாமும் நின்றுவிடும். கம்பத்தில் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காக்க வேண்டியே அவ்வாறு அமைத்துள்ளனர். ஆகவேதான், பவர் ஸ்டேஷன் என்று கடைகளில் விற்கும், கையில் தூக்கிச் செல்லத்தக்க மின்பெட்டியை இன்று பலர் நாடுகின்றனர். பகலில் தனித் தகடு கொண்டு இதனை நிரப்பி வைத்தால் இரவில் உதவும். 500 வாட்-மணி கொள்ளளவுள்ள பெட்டி, 28 வாட் மின்விசிறி ஒன்றையும் 9 வாட் விளக்கு ஒன்றையும், பெட்டிக்குள் ஏற்படும் இழப்புப் போக, ஏறக்குறைய பதினொரு மணி நேரம் இயக்கவல்லது. குழந்தைகளும் முதியோரும் உள்ள இல்லத்தில் இஃது அற்ப உதவியன்று.

நிற்க. எமக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் இத்தகைய பெட்டி ஒன்றை அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கினர். ஒரு தகட்டினும் இரு தகடுகள் விரைவில் நிரப்பும் என்று கருதி, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துப் பெட்டியில் செருகினர். பெட்டி அப்பொழுதே செயலற்றது. உத்தரவாதமும் செல்லாது போயிற்று. தகட்டிலும் குறையில்லை, பெட்டியிலும் குறையில்லை. இரண்டையும் இணைத்த முறையிலேதான் பிழை. இப்பிழை நம் அங்கத்தினர் எவருக்கும் நேரலாகாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெசவாளர்க்கு இதனை விளக்குதல் எளிது. ஒரு நூலின் முனையில் மற்றொரு நூலை முடிந்தால் நீளம் கூடும், பருமன் கூடாது. இரு இழைகளைச் சேர்த்து முறுக்கினால் பருமன் கூடும், நீளம் கூடாது. மின்தகடுகளும் அத்தன்மையனவே. ஒன்றன் நேர்முனையை அடுத்ததன் எதிர்முனையோடு இணைப்பது தொடரிணைப்பு; இதில் மின்னழுத்தம், அதாவது வோல்ட், கூடும். நேரோடு நேரும் எதிரோடு எதிரும் இணைப்பது பக்க இணைப்பு. இதில் மின்னோட்டம், அதாவது ஆம்பியர், கூடும்.

100 வாட் தகடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பின்புறச் சீட்டில் 'ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ்' என்னும் எண் பெரும்பாலும் 22 வோல்ட் அளவில் இருக்கும். பெட்டியின் சீட்டில் '12 முதல் 30 வோல்ட், 8 ஆம்பியர், 120 வாட்' என்று இருப்பதாகக் கொள்வோம். இரு தகடுகளைத் தொடராக இணைத்தால் 44 வோல்ட், பெட்டி அழியும். பக்கமாக இணைத்தால் 22 வோல்ட்டே. பெட்டி தனக்கு வேண்டிய ஆம்பியரை மட்டும் இழுத்துக்கொள்ளும். எஞ்சியது பயன்படாது போகும், அவ்வளவே. வோல்ட் மிகுதல் கேடு. ஆம்பியர் மிகுதல் பெரும்பாலும் வீண். இதனை நினைவிற் கொள்க. எனினும் ஆம்பியருக்கும் வரம்பு விதித்துள்ள பெட்டிகள் உண்டு. ஆதலின் கையேட்டைப் பார்த்தே இணைக்க வேண்டும். மேலும், வீட்டு மாடிகளில் பதிக்கும் 540 வாட் வகைப் பெருந்தகடு ஒன்றே 49 வோல்ட் அளவு தருவது. அதனை இச்சிறு பெட்டியுடன் தனியாகவும் இணைத்தலாகாது.

வெப்பநிலையும் கணக்கிற்குரியது. குளிரில் வோல்ட் ஏறும், வெயிலில் இறங்கும். சென்னையின் மார்கழி விடியலில் ஏற்றம் சொற்பமே. நீலகிரியின் தேயிலை விவசாயிகளோ, உறைபனி நாட்களில் நூற்றுக்கு எட்டு வரை ஏறுமென்று கொள்ள வேண்டும். ஆகவே, பெட்டியின் உச்ச வரம்பில் பத்தில் ஒரு பங்கேனும் குறைவாக நிற்பது அறிவுடைமை. சித்திரை வெயிலில் தகடு 60 பாகை வரை சூடேறும். வேலை செய்யும்போது 18 வோல்ட் தரும் தகடு அப்பொழுது 16 வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவாகவே தரும். பெட்டியின் கீழ் வரம்பு இதனினும் தாழ்ந்திருத்தல் வேண்டும்.

புளியந்தோப்பு போன்ற நெருக்கமான பேட்டையில் கைப்பிடிச் சுவரின் நிழலோ, தண்ணீர்த் தொட்டியின் நிழலோ ஒரு தகட்டின்மேல் விழாத நாள் அரிது. தொடரிணைப்பில் ஒன்றின் நிழல் மற்றதன் பயனையும் குறைக்கும். பக்க இணைப்பில் அத்தகட்டோடு நிற்கும். ஆயின் பக்க இணைப்புக்குத் தடித்த கம்பி வேண்டும். மாடியிலிருந்து 10 மீட்டர் தூரத்துக்கு 8 ஆம்பியர் செல்லும்போது, 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஏறக்குறைய 2 வோல்ட் வீணாகும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் முக்கால் வோல்ட்டே வீணாகும். பக்க இணைப்பில் சேரும் தகடுகள் ஒரே வோல்ட் உடையனவாக இருத்தல் வேண்டும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவை சேர்ந்தால், தகடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபியூஸ் இடுதல் அவசியம்.

இணைக்கும் முன்னர்த் தகட்டைப் போர்வையால் மூடுக. இணைப்பு முடிந்தபின், பெட்டியில் செருகுமுன், போர்வையை நீக்கி மல்டிமீட்டரை நேர்மின் அளவில் வைத்துக் கம்பி முனைகளை அளந்து பார்க்க. வோல்ட் வரம்புக்குள் உள்ளதா, நேர்முனையும் எதிர்முனையும் மாறாதிருக்கின்றனவா என்று காண்க. பின்னரே செருகுக. வெயிலில் மின்சாரம் ஓடும்போது இணைப்பைப் பிடுங்கினால் தீப்பொறி எழும். வெள்ளக் காலத்தில் பெட்டியை உயர்ந்த பலகைமேல் வைப்பதும், கம்பியை நீரில் கிடத்தாதிருப்பதும் சொல்லாமலே விளங்கும்.

ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்கித் தனித்தனியே பிழை செய்ய வேண்டுவதில்லை. சங்கம் ஒரு மல்டிமீட்டரை வாங்கி அலுவலகத்தில் வைக்கலாம். அங்கத்தினர் எவரும் பணம் செலுத்துமுன், தகட்டின் சீட்டையும் பெட்டியின் சீட்டையும் குறித்து வந்து, விவரம் அறிந்த ஒருவரிடம் காட்டலாம். பலர் கூடி ஒரே வகைத் தகடும் பெட்டியும் வாங்கினால், ஒருவர் கற்ற இணைப்பு முறை அனைவர்க்கும் பயன்படும். நூலின் நம்பரும் பண்ணையின் நம்பரும் பொருந்தாமல் தறியில் பாவு ஏற்றுவார் இல்லை. மின்தகட்டுக்கும் அதே கவனத்தைச் செலுத்துவோமாக. அடுத்த மழைக்காலம் வருமுன் இதனைச் செய்து முடிப்போமாக.