மூடி திறந்திருக்கிறதா, பாருங்கள்



மலேரியா என்றதும் கொசுதான் நினைவுக்கு வரும். ஆனால் காய்ச்சலைத் தருவது கொசு அல்ல. அது சுமந்து வரும் பிளாஸ்மோடியம் என்ற ஒருசெல் உயிரி. இது பாக்டீரியாவும் இல்லை, பூஞ்சையும் இல்லை. புரோட்டிஸ்ட் வகையைச் சேர்ந்தது. உடம்பே ஒரு செல்தான். ஆனால் நம் செல்லில் இருப்பது போலவே அதற்குள்ளும் உட்கரு உண்டு. 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் இதைக் கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்டுபிடித்தார்.

ராயபுரம், தண்டையார்பேட்டை போன்ற வடசென்னைப் பகுதிகள் நெடுங்காலம் மலேரியாவால் அவதிப்பட்டவை. நகரத்தில் இதைப் பரப்புவது அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசு. அது சாக்கடையைத் தேடிப் போவதில்லை. மூடாத கிணறும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியுமே அதற்குப் பிடித்த இடம்.

இன்று மாலை தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கொசுப் புழு நீர்ப்பரப்பை ஒட்டிப் படுக்கையாகக் கிடந்தால் அது அனோபிலிஸ் புழு. தலைகீழாகத் தொங்கினால் வேறு கொசுவின் புழு. இரண்டுமே ஆபத்துதான்.

விவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்தும் காய்ச்சலாகத் திரும்பும். அதனால்தான் மருத்துவர்கள் 14 நாள் மாத்திரை எழுதித் தருகிறார்கள். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, இறுக மூடுங்கள். உங்கள் வீட்டு மூடி பக்கத்து வீட்டுக் குழந்தையையும் காக்கும்.