ஆழ்கடலின் நாடி



பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது ஒரு மாணவன் மறுமொழி கூறாவிடின், அவன் வரவில்லையா, வந்தும் கேட்கவில்லையா, அன்றி அவன் கூறியது நம் செவியில் விழவில்லையா என ஆராய்கின்றோம். கடலடியில் தனித்துக் கிடக்கும் அமுக்கமானியைச் சோதிக்கும் முறையும் ஏறத்தாழ இதுவேயாம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை 7 மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கிற்று. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின்னரே பேரலை நமது கீழைக் கரையை அடைந்தது. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அலையை ஆழ்கடலிலேயே கண்டறிந்து எச்சரிக்கும் ஏற்பாடு அன்று இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை. 2006 டிசம்பரில் தாய்லாந்தும் அமெரிக்காவும் இணைந்து அத்தகைய கருவியொன்றை இங்கு நிறுவின.

இக்கருவி மூன்று கண்ணிகள் கொண்ட சங்கிலி போன்றது. கடலடியிலுள்ள அமுக்கமானி, மேலுள்ள நீரின் பாரத்தை 15 செக்கனுக்கு ஒருமுறை அளக்கின்றது. நீர்மட்டம் ஒரு சென்ரிமீற்றர் உயர்ந்தால் அமுக்கம் ஏறத்தாழ ஒரு மில்லிபார் கூடும். அளவுகள் ஒலியலைகளாக மேலேறி மிதவையை அடையும். மிதவை அவற்றைச் செய்மதி வழியாக நிலையத்துக்கு அனுப்பும். எதிர்பார்த்த மட்டத்துக்கும் அளந்த மட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் வேறுபாடு அடுத்தடுத்துக் காணப்படின், கருவி தானே விழித்து விரைவாகச் செய்தி அனுப்பத் தொடங்கும்.

செய்தி நின்றுவிட்டால் எக்கண்ணி அறுந்தது? மிதவை தன் இருப்பிடத்தை அறிவித்துக்கொண்டிருக்க, அமுக்க அளவுகள் மாத்திரம் வாராவிடின், குறை ஒலித்தொடர்பில் அல்லது அடிக்கருவியில் உள்ளது. அறிவிக்கும் இடமே நாளுக்கு நாள் விலகிச் செல்லின், நங்கூரக் கயிறு அறுந்துவிட்டது. எதுவும் வாராவிடின் மிதவையையே முதலிற் பார்த்தல் வேண்டும்.

அளவுகள் வந்தும் ஐயம் எழுமாயின்? அதற்குச் சந்திரனே பரிசோதகன். வற்றுப்பெருக்கை முன்கூட்டியே கணிக்கலாம். அளவுகள் அதனோடு சேர்ந்து ஏறியிறங்கின் கருவி நலமாயுள்ளது. பல மாதங்களாக மெல்ல மெல்ல ஒரே பக்கம் விலகின், அது உணரியின் தேய்வு. திடீரெனப் படிபோல் மாறி அங்கேயே நின்றுவிடின், கருவி இடம்பெயர்ந்திருக்கலாம். நடுக்கத்தை அடுத்து விரைவாகத் துடித்து அடங்கின், அது நிலவதிர்வு, அலையன்று. பல நிமிடங்கள் நீளும் ஏற்றவிறக்கம், அலை வரவேண்டிய நேரத்தில் அயற்கருவியிலும் தோன்றின், அதுவே பேரலையாம்.

இத்துணைச் சோதனை எதற்கு? வீண் எச்சரிக்கை இருமுறை வந்தால் மூன்றாம் முறை மக்கள் செவிசாயார். உண்மை எச்சரிக்கை ஒருமுறை தவறினால் செவிசாய்க்க மக்களே இரார்.

ஆயினும் கரையோர நேயர்களுக்கு ஒரு வார்த்தை. நிலம் வலிதாக நீண்ட நேரம் நடுங்கினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, எந்தக் கருவியின் செய்திக்கும் காத்திராது மேட்டு நிலம் நாடுக.