கைப்பிடியும் கைவலியும்

செருப்பு காலைக் கடித்தால் செருப்பை மாற்றுகிறோம், காலை வெட்டிக்கொள்வதில்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் விஷயத்தில் நம்மில் பலர் வண்டிக்கு ஏற்றபடி உடம்பை வளைத்துக்கொண்டு, வலியையும் இளமையின் பெருமைகளில் ஒன்றாக எண்ணித் திரிகிறோம். நானும் அப்படித் திரிந்தவன்தான். அதனால் நேர்ந்ததைச் சொல்லி, அதிலிருந்து அறிந்துகொண்டதை நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் ஊர் நாகர்கோவில். வாரந்தோறும் மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாக ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தூரம் ஒரு பழைய புல்லட்டில் திருவனந்தபுரம் வந்து சேர்வேன். வண்டியை எனக்கு விற்றவர், அதன் சொந்த ஹாண்டில்பாரைக் கழற்றிவிட்டு, தாழ்வான நேர்த்தண்டு ஒன்றைப் பூட்டியிருந்தார். பார்ப்பதற்குக் கம்பீரம்! ஆனால் தம்பானூரில் இறங்கும்போது என் சுண்டுவிரலும், மோதிர விரலில் பாதியும் மரத்துப்போயிருக்கும். தேநீர்க் கடையில் கண்ணாடிக் குவளையைப் பிடிக்கவும் விரல் ஒத்துழைக்காது.

இது ஏன் நேர்கிறது? முழங்கையின் உட்புறம் தட்டினால் 'சுரீர்' என்று மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறதல்லவா? அந்த நரம்புதான் உள்ளங்கையின் ஓரமாகச் சென்று சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சி தருகிறது. உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கும்போது அந்நரம்பு நசுங்குகிறது. எஞ்சினின் அதிர்வும் சேர்ந்துகொண்டால் கேட்கவா வேண்டும்!

அப்படியானால் பந்தய வீரர்கள் தாழ்ந்த கைப்பிடியை விரும்புவானேன் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அவர்கள் வண்டியில் கால் வைக்கும் இடமும் பின்னுக்குத் தள்ளியிருக்கும். தொடையும் காலும் உடம்பைத் தாங்கும். மேலும், மிகுந்த வேகத்தில் எதிர்க்காற்று மார்பைத் தாங்கி, கைகளின் பாரத்தைக் குறைக்கும். 1960களில் லண்டனில் ஏஸ் கபேயில் கூடிய இளைஞர்கள் தாழ்ந்த கைப்பிடிகளைப் பூட்டியபோது, கால் தாங்கிகளையும் பின்னுக்கு நகர்த்தினார்கள். நாமோ கைப்பிடியை மட்டும் தாழ்த்திவிட்டு, தம்பானூர் நெரிசலில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறோம். அங்கே நம்மைத் தாங்கக் காற்று ஏது?

வலி பொறுக்காமல் நான் அடுத்த கோடிக்கு ஓடினேன். ஒரு கடையில் மிக உயரமான ஹாண்டில்பார் ஒன்றை வாங்கிப் பூட்டச் சொன்னேன். பூட்டியவர் பழைய கேபிள்களையே இழுத்து மாட்டிக் கொடுத்தார். மறுவாரம் தம்பானூரில், ரயில் நிலையத்துக்கும் அதன் எதிரேயுள்ள பஸ் நிலையத்துக்கும் இடையே வண்டியைத் திருப்பினேன். கைப்பிடி முழுதும் திரும்பியதும் ஆக்ஸிலேட்டரை நான் தொடாமலே எஞ்சின் அலறியது. வண்டி முன்னே பாய்ந்தது. பெட்டியைத் தலையில் சுமந்து, குழந்தையின் கையைப் பற்றியபடி ஓர் அம்மாள் கடந்துகொண்டிருந்தார். கிளட்சையும் பிரேக்கையும் ஒருசேரப் பிடித்தேன். வண்டி அவருடைய சேலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவர் என்னைத் திட்டவில்லை; குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டார். அந்தப் பார்வை இன்னும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

நடுங்கும் கையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். அவர் எங்கள் ஊர்ப் பக்கத்தவர்.

"மக்கா, தண்டு உயர்ந்தா கேபிளும் நீளணும்லா? திருப்பும்போது கேபிள் இழுபட்டு அதுவே முறுக்குது. வண்டிமேல குத்தம் இல்ல" என்றார்.

"வேறே என்ன செய்யலாம், அண்ணாச்சி?" என்றேன்.

"கம்பெனி தண்டைக் கொண்டா. அதைத் திருப்பி வைக்கத் தெரியாமத்தான் எல்லாரும் புதுசு வாங்குகான்" என்றார்.

அன்று அவர் கற்பித்த முறை இது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இயல்பாக உட்கார்ந்து, கண்களை மூடிக் கைகளை நீட்ட வேண்டும். கை தானாக எங்கே சென்று நிற்கிறதோ, அதுவே கைப்பிடிக்கு உரிய இடம். முழங்கை சற்று மடிந்திருக்க வேண்டும். தோள் உயரக் கூடாது. பின்னர்க் கைப்பிடியைப் பற்றும் போல்ட்டுகளைத் தளர்த்தி, தண்டைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் திருப்பினாலே முனைகள் நம்மை நோக்கி வருவதை உணரலாம். அடுத்து, கிளட்ச், பிரேக் பிடிகளைத் திருப்பி, முன்கையும் மணிக்கட்டும் விரலும் ஒரே நேர்கோட்டில் அமையச் செய்ய வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி ஒடிந்து நின்றால் வலி திரும்பி வரும்.

பிறகு போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சீராக முறுக்க வேண்டும். எவ்வளவு முறுக்குவது என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். கிளட்ச் பிடியில் 2, 3 மில்லிமீட்டர் தளர்வு இருத்தல் நலம். கைப்பிடியை இருபுறமும் முழுதும் திருப்பும்போது விரல் டாங்கில் இடிக்கக் கூடாது. பிரேக் குழாய் இழுபடக் கூடாது. இறுதியாக, கியர் போடாமல் எஞ்சினை ஓடவிட்டு, இடமும் வலமும் கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். சத்தம் சற்றே உயர்ந்தாலும் வண்டியைத் தெருவில் இறக்கலாகாது. இந்த ஒரு சோதனையை நான் முன்பே செய்திருந்தால் அந்த அம்மாள் அஞ்சியிருக்க மாட்டார். தண்டைக் காய்ச்சி வளைப்பதும், வெட்டி வெல்டு வைப்பதும் ஒருபோதும் வேண்டா. உயிரைத் தாங்கும் இரும்பு அது.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில், இந்தக் கேரளத்திலிருந்து சென்ற வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டம், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. வண்டியோடு வந்த தண்டை அதன் பிடியிலேயே சற்றுத் திருப்பி வைப்பது மாற்றமன்று. அதை உடம்புக்குப் பொருத்திக்கொள்வது.

1955இல் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றிய காலந்தொட்டு நம் சாலைகளில் ஓடும் புல்லட், நிமிர்ந்து உட்காருவதற்கென்றே அமைந்த வண்டி. நான் அதை முதலில் குனியவைத்தேன். பிறகு கையைத் தூக்கி நிற்கவைத்தேன். இரண்டும் பிழை. மிகத் தாழ்ந்தால் கை வலிக்கிறது; மிக உயர்ந்தால் தோள் சோர்ந்து, குழிகளின் அதிர்ச்சி முழுதும் முதுகெலும்பில் இறங்குகிறது. நடுவே இருக்கிறது நலம்.

இப்போதும் வாரந்தோறும் அதே வண்டியில்தான் வருகிறேன். தம்பானூரில் இறங்கித் தேநீர்க் குவளையைக் கையில் எடுக்கிறேன். அதன் சூடு சுண்டுவிரலிலும் தெரிகிறது.