சாம்பல் கல்லும் ஒரு தராசும்

மேல்பட்டாம்பாக்கத்தில் வீடு கட்டத் தொடங்கும் நேயர்களே! மனைக்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: 2024 டிசம்பரில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது இங்கே தண்ணீர் எதுவரை நின்றது? பேஸ்மென்ட் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும். வாஸ்து பார்ப்பது அதற்கப்புறம்.

அடுத்தது கல். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிந்த சாம்பலில் செய்த ஃபிளை ஆஷ் கல், அளவு பிசகாமல் வரும். பூச்சுச் செலவும் மிச்சம். ஆனால் எல்லா ஆலையின் கல்லும் ஒன்றல்ல. லோடு இறங்கியதும், கையில் வந்ததை எடுக்காமல், நடுவிலிருந்து நாலைந்து கல்லை உருவுங்கள். நன்றாகக் காய்ந்த கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தைத் துடைத்து மறுபடி எடைபோடுங்கள். எடை 20 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. 3 கிலோ கல் 3 கிலோ 600 கிராமைத் தாண்டினால் லோடைத் திருப்பி அனுப்பலாம். மளிகைக்கடைத் தராசே போதும்.

கட்டுமுன், செங்கல் போல இந்தக் கல்லைத் தொட்டியில் ஊறப்போட வேண்டாம்; தண்ணீர் தெளித்தால் போதும். முகம் வழவழப்பு என்பதால், கலவை காயுமுன் இணைப்புகளை அரை அங்குலம் சுரண்டிவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பூச்சு பிடிக்காமல் உதிரும். கட்டிய சுவருக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கொத்தனாருக்குத்தான் லீவு!