நட்சத்திரங்களுக்கு இடையே ஒரு சந்தை



வேலை முடிந்து வீடு திரும்பி, குளித்துச் சாப்பிட்டு, சற்றே காலை நீட்டி உட்காரும் நேரத்தில், வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியிலோ கணினியிலோ தலையைக் கவிழ்த்துக்கொண்டு விளையாடுவதைப் பார்க்கிறோம். "என்னடா அது?" என்று கேட்டால், "கேம்தாம்பா" என்பதோடு பதில் முடிந்துவிடும். அந்த விளையாட்டுகளிலே ஒரு வகை உண்டு. அதில் பந்து இல்லை, ஓட்டப்பந்தயமும் இல்லை. கையில் ஒரு விண்கலம் இருக்கும். ஒரு கோளில் சரக்கை மலிவாக வாங்கி, இன்னொரு கோளில் கூடுதல் விலைக்கு விற்க வேண்டும். இலாபத்தைக் கொண்டு பெரிய கலம் வாங்கலாம். யாரும் போகாத திசையில் போய்ப் பார்க்கலாம். வழியில் கொள்ளைக்காரர்களும் காத்திருப்பார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில், ஒரே வானத்தில் இதை விளையாடுகிறார்கள். இப்படி ஒன்றை எப்படித் திட்டமிட்டு அமைக்கிறார்கள் என்பதே இன்றைய நமது பேச்சு. பிள்ளைகள் சமாச்சாரம் என்று பெரியவர்கள் எழுந்து போய்விட வேண்டாம். இதில் வியாபாரம் இருக்கிறது, கடன் இருக்கிறது, உண்மையான பணமும் நடுவிலே வருகிறது.

முதலில் தனி ஒருவர் விளையாடும் விளையாட்டிலிருந்து தொடங்குவோம். 1984-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களான டேவிட் பிரேபன், இயன் பெல் ஆகிய இருவரும் உருவாக்கிய 'எலீட்' என்ற விளையாட்டு வெளிவந்தது. அவர்களுக்கு வாய்த்த கணினி பிபிசி மைக்ரோ. அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதைப்போல் ஐம்பது, நூறு மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சின்னஞ்சிறு இடத்துக்குள் அவர்கள் 8 விண்மீன் மண்டலங்களை அடக்கினார்கள். மண்டலத்துக்கு 256 உலகங்கள். ஆக மொத்தம் 2,048. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, ஆட்சிமுறை உண்டு, மக்கள்தொகை உண்டு, விளைபொருள் உண்டு. இத்தனையையும் எழுதி வைக்க அந்தக் கணினியில் இடம் ஏது?

எழுதி வைக்கவில்லை என்பதுதான் விடை. வாசலில் கோலம் போடும் தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். பெரிய கோலத்தின் ஒவ்வொரு வளைவையும் யாரும் மனப்பாடம் செய்வதில்லை. இத்தனை புள்ளி, இன்னின்ன விதமாய் இழை ஓட வேண்டும் என்ற முறையை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். நாளைக்குப் போட்டாலும் அதே கோலம்தான் வரும். எலீட்டும் அப்படித்தான். மூன்று எண்களை எடுத்துக்கொண்டு, அவற்றைக் கூட்டி, வருகிற எண்ணை வரிசையின் கடைசியில் சேர்த்து, முதல் எண்ணை விட்டுவிடுவது. பிறகு மறுபடியும் கூட்டுவது. சிறிய எண்களில் செய்து பார்ப்போம். 5, 2, 8 என்று தொடங்கினால் கூட்டுத்தொகை 15. கடைசி இலக்கம் 5-ஐ மட்டும் வைத்துக்கொண்டால் அடுத்த வரிசை 2, 8, 5. அதன் பிறகு 8, 5, 5. அதன் பிறகு 5, 5, 8. இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். பார்ப்பவருக்கு ஒழுங்கில்லாத எண்கள் போலத் தோன்றும். ஆனால் அதே 5, 2, 8-இல் தொடங்கினால் எத்தனை முறை செய்தாலும் அதே வரிசைதான் வரும். கணினி இதைவிடப் பெரிய எண்களைக் கொண்டு இதையே செய்தது. அந்த எண்களின் ஒரு பகுதி கோளின் பெயராயிற்று, இன்னொரு பகுதி அதன் மக்கள்தொகையாயிற்று, மற்றொரு பகுதி அது விவசாய நாடா தொழிற்சாலை நாடா என்பதைச் சொல்லிற்று.

இதிலே ஒரு வேடிக்கையும் நடந்தது. பெயர்கள் தாமாகவே அமைவதால், ஒரு மண்டலத்தில் ஓர் உலகத்துக்குக் கெட்ட வார்த்தையே பெயராக விழுந்துவிட்டது. அந்த மண்டலத்தையே தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டார்களாம். முதலில் அவர்கள் எண்ணியிருந்தது எட்டு மண்டலங்கள் அல்ல, எண்ணி மாளாத கோடிக்கணக்கான மண்டலங்கள். வெளியீட்டாளர்தான் எட்டு போதும் என்று நிறுத்தினார். எங்கே போனாலும் ஒரே மாதிரியாக இருக்கிறதே என்று விளையாடுபவருக்குச் சலிப்புத் தட்டிவிடும் என்பது அவர் கணக்கு. நமக்கும் அது சரியாகவே படுகிறது.

எலீட்டில் விலை எப்படி அமைந்தது? விவசாய உலகத்தில் உணவு மலிவு, கணினி விலை அதிகம். தொழிற்சாலை உலகத்தில் நேர்மாறு. ஆகவே உணவை ஏற்றிக்கொண்டு போய்க் கணினியோடு திரும்பினால் இலாபம். ஆனால் நாம் எவ்வளவு கொண்டுபோய்க் கொட்டினாலும் அங்கே விலை விழாது. சந்தையில் நாம் ஒருவர்தானே! விலையைச் சொல்வது கணினியின் கணக்கு.

இந்த இடத்தில்தான் பலர் சேர்ந்து விளையாடும் விளையாட்டு முற்றிலும் வேறுபடுகிறது. ஒரே வானத்தில் பத்தாயிரம் பேரை விட்டு, விலையை மட்டும் கணினி நிர்ணயித்தால் என்ன ஆகும்? எந்தப் பாதையில் இலாபம் அதிகம் என்பது ஒரே நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பத்தாயிரம் பேரும் அதே பாதையில் வரிசையாய்ப் போய்வருவார்கள். அது வியாபாரம் ஆகாது. பணத்தைத் தோண்டி எடுக்கும் வேலையாகிவிடும்.

ஐஸ்லாந்து நாட்டின் தலைநகரான ரெய்க்யாவிக்கில் 1997-இல் தொடங்கப்பட்ட சிசிபி என்ற நிறுவனம், 2003-ஆம் ஆண்டு மே மாதம் 'ஈவ் ஆன்லைன்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் 5,000-க்கும் மேற்பட்ட சூரிய மண்டலங்கள் இருந்தன. சீனாவுக்கெனத் தனியாக ஒன்று அமைந்ததைத் தவிர, மற்ற நாட்டவர் அனைவரும் ஒரே வானத்தில்தான் விளையாடினார்கள். 2013-இல் ஒரே நேரத்தில் 65,000-க்கும் மேற்பட்டோர் உள்ளே இருந்த நாளும் உண்டு. நான்கு இலட்சம் பேர்கூட இல்லாத நாட்டிலிருந்து வந்த விளையாட்டு அது. அந்த விளையாட்டின் பணத்துக்கு இஸ்க் என்று பெயர். ஐஸ்லாந்து நாட்டு நாணயத்தின் சுருக்கக் குறியீடும் அதுவே!

அதை அமைத்தவர்கள் பெரும்பாலான பொருள்களுக்கு விலை எழுதவில்லை. கலங்களையும் ஆயுதங்களையும் விளையாடுபவர்களே செய்ய வேண்டும். அவர்களே விலை சொல்லி விற்க வேண்டும். அமைத்தவர்கள் செய்தது வேறு. எந்தக் கனிமம் எங்கே கிடைக்கும் என்பதைப் பிரித்து வைத்தார்கள். தொடக்கத்தில் இருந்த ஏற்பாட்டின்படி, கலம் கட்ட அதிகமாகத் தேவைப்படும் சாதாரணக் கனிமம் பாதுகாப்பான பகுதியிலே கிடைத்தது. கொஞ்சமே தேவைப்பட்டாலும் இல்லாமல் முடியாது என்ற அரிய கனிமங்களோ, சட்டம் இல்லாத தொலைதூரப் பகுதிகளில் கிடைத்தன. இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்தாக வேண்டும். அப்படியானால் யாராவது சுமந்துகொண்டு வர வேண்டும். வழி நீளம், வழியிலே ஆபத்து. பட்டணத்தில் ஒரு விலை விற்கிற பொருள் தோட்டத்துச் சில்லறைக் கடையில் ஏன் வேறு விலை விற்கிறது என்பது நமக்குத் தெரிந்ததுதான். நடுவே இருப்பது லாரியும் தூரமும். விளையாட்டை அமைப்பவர் அந்தத் தூரத்தைப் படைத்துவிட்டால், விலை தானாகவே பிறக்கிறது.

பாதுகாப்பான பகுதி என்று சொன்னோம். அங்கே கன்கார்ட் என்ற காவற்படை உண்டு. ஆனால் அது தாக்குதலைத் தடுக்காது. தாக்கியவனைப் பின்னால் வந்து அழிக்கும், அவ்வளவுதான். கலத்தில் இருக்கும் சரக்கின் மதிப்பு, தன் கலத்தை இழக்கும் நட்டத்தைவிட அதிகம் என்று கொள்ளைக்காரன் கணக்குப் போட்டால், துணிந்து அடித்துவிடுவான். இதுவும் தெரிந்தே செய்த ஏற்பாடுதான். ஆபத்தே இல்லையென்றால் சுமப்பவனுக்குக் கூலி கிடைக்காது.

ஜிட்டா என்னும் ஓர் ஊர் இந்த விளையாட்டின் பெரிய சந்தையாயிற்று. இதுதான் சந்தை என்று அதை யாரும் கட்டி வைக்கவில்லை. வாங்குபவர் இருக்கும் இடத்துக்கு விற்பவர் வந்தார். விற்பவர் இருக்கிறார் என்று மேலும் வாங்குபவர் வந்தனர். கூட்டம் பெருகி, அந்த ஓர் ஊருக்கென்றே தனிக் கணினி ஒதுக்க வேண்டியதாயிற்று.

அடுத்தது பணம். இதுதான் அமைப்பவருக்குத் தலைவலி. தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்வோம். மேலே குழாய், கீழே வடிகால். கணினி ஓட்டும் கொள்ளைக்காரர்களைச் சுட்டு வீழ்த்தினால் விளையாடுபவருக்குப் பரிசுப் பணம் கிடைக்கிறது. அது யார் பையிலிருந்தும் வருவதன்று; வெறுங்காற்றிலிருந்து பிறக்கிறது. அதுதான் குழாய். சந்தை வரி, நில வாடகை, பயிற்சிப் புத்தகத்தின் விலை ஆகியவை யாருக்கும் போய்ச் சேராமல் மறைந்துவிடுகின்றன. அவை வடிகால். குழாய் வேகமாகவும் வடிகால் மெதுவாகவும் ஓடினால், எல்லோர் கையிலும் பணம் நிறையும்; ஆனால் பொருள் விலையும் கூடவே ஏறிக்கொண்டு போகும். புதிதாய் வருபவனால் ஒன்றும் வாங்க முடியாமல் போகும்.

இங்கே பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. கலம் வெடித்தால் பணம் அழிந்தது என்று எண்ணுகிறோம். அப்படி இல்லை. கலத்துக்குக் கொடுத்த பணம் அதை விற்றவரிடம் பத்திரமாக இருக்கிறது. அழிந்தது பொருள். அதற்கு விளையாட்டில் இருக்கும் காப்பீட்டுத் தொகை கொடுக்கப்பட்டால், பணம் குறைவதற்குப் பதிலாகப் புதிதாகச் சேருகிறது! பணத்தின் வடிகாலும் பொருளின் வடிகாலும் வெவ்வேறு. இரண்டையும் தனித்தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். இதைக் கணக்கிட முடியாமல்தானோ என்னவோ, 2007-இல் அந்த நிறுவனம் எய்யோல்ஃபுர் குட்முண்ட்சன் என்ற பொருளாதார அறிஞரை வேலைக்கு அமர்த்தியது. ஒரு விளையாட்டின் விலைவாசியை ஆராய முழுநேர அறிஞர்! பின்னாளில் அவர் தம் நாட்டிலே ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தலைவரானார்.

பொருள் அழிவதும் அவசியம். அழியாவிட்டால், செய்பவனுக்கு வேலை இல்லை. 2014-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் தேதி, ஒரு பெரிய கூட்டணி தன் வசமிருந்த ஒரு சூரிய மண்டலத்துக்குக் கட்ட வேண்டிய தொகையைக் குறித்த நேரத்தில் கட்டத் தவறிவிட்டது. தானாகவே கட்டப்பட்டுவிடும் என்று நம்பியிருந்தார்கள். எதிரிகள் உடனே உள்ளே நுழைந்தனர். 7,500-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட அந்தச் சண்டை ஏறக்குறைய 21 மணி நேரம் நடந்தது. டைட்டன் எனப்படும் மிகப் பெரிய கலங்களில் 75 அழிந்தன. உண்மைப் பணத்தில் மதிப்பிட்டால் மொத்த நட்டம் 3 இலட்சம் அமெரிக்க டாலர் என்றார்கள். அத்தனை பேர் ஓரிடத்தில் கூடினால் கணினி திணறும் அல்லவா? அதற்காக 2012-இல் ஒரு வழி கண்டிருந்தார்கள். கூட்டம் மிகுந்தால் அந்த இடத்தில் நேரமே மெதுவாக ஓடும். பத்தில் ஒரு பங்கு வேகம் வரை குறையும். யாரையும் வெளியே தள்ளாமல், எல்லோரையும் ஒருசேர மெதுவாக்குவது. நமக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

இனி, நம்பிக்கை என்ற விஷயம். லயத்தில் கூட்டுக் கட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிடிப்பவர் நல்லவராயிருந்தால் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு ஆகும், ஓடிவிட்டால் போச்சு. ஈவ் விளையாட்டிலும் விளையாடுபவர்களே சேர்ந்து 'ஈபேங்க்' என்ற பெயரில் ஒரு வங்கி நடத்தினார்கள். 2009-இல் அதை நடத்தியவர்களில் ஒருவர் சுமார் 20,000 கோடி இஸ்க்கை எடுத்து, 6,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் பெற்றுக்கொண்டு வெளியே விற்றுவிட்டார். பணம் போட்டவர்கள் அலறிக்கொண்டு எடுக்க ஓடினார்கள். நிறுவனம் அவரை விலக்கியது. எதற்காக? திருடியதற்காக அல்ல; விளையாட்டுப் பணத்தை வெளியே உண்மைப் பணத்துக்கு விற்றதற்காக. உள்ளே ஏமாற்றுவதும் விளையாட்டின் ஒரு பகுதி என்பது அவர்கள் விதி. இந்த விதி நமக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏமாற்றவே முடியாத இடத்தில் ஒருவரை நம்புவதற்கு என்ன பொருள் என்று அதை ஆதரிப்பவர்கள் கேட்கிறார்கள். அதையும் தள்ளிவிட முடியவில்லை.

உண்மைப் பணம் உள்ளே நுழைய ஒரு முறையான வாசலும் உண்டு. பிளெக்ஸ் என்ற சீட்டை அசல் பணம் கொடுத்து வாங்கி, விளையாட்டுக்குள் விற்கலாம். 2010-இல் அதைக் கலத்தில் ஏற்றிச் செல்லவும் அனுமதித்தார்கள். உடனேயே ஒருவர், எளிதில் உடையும் ஒரு சின்னக் கலத்தில் 74 சீட்டுகளை வைத்துக்கொண்டு ஜிட்டாவுக்குள் வந்தார். அடித்துவிட்டார்கள். 1,000 டாலருக்கு மேற்பட்ட மதிப்பு ஒரு நொடியில் புகையாயிற்று. பெற்றோர் பிள்ளையிடம் "விளையாடாதே" என்று சொல்வதைவிட, "இதில் அசல் பணம் எந்த வாசல் வழியாக நுழைகிறது, காட்டு" என்று கேட்பது பயனுள்ளது. அந்த வாசலில் நம் வங்கி அட்டை எண் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

புதிய இடம் தேடிப் போவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆராய்ச்சிக்கு எதிரி வரைபடம். ஒருவர் கண்டுபிடித்து எழுதிவிட்டால் மற்றவர்களுக்குப் புதிது என்று ஒன்றும் இல்லை. 2009-இல் ஈவ் விளையாட்டில் 2,499 புதிய மண்டலங்களைச் சேர்த்தார்கள். அவற்றுக்கு நிலையான வாசல் கிடையாது. இன்று திறக்கும் துளை நாளைக்கு மூடிக்கொண்டு வேறிடத்தில் திறக்கும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலும் காட்டாது. வரைந்த படம் மறுநாளே பழசாகிவிடும்.

இதையெல்லாம் பழகிப் பார்க்கக் கணினி வேண்டியதில்லை. சிசிபி நிறுவனமே தன் பெரிய விளையாட்டுக்குப் பணம் திரட்ட, 1998-இல் முதலில் ஒரு பலகை விளையாட்டைத்தான் செய்து விற்றது. வீட்டிலே ஒரு தாளில் ஆறு வட்டம் வரைந்து கோடுகளால் இணையுங்கள். இரண்டு வட்டத்தில் மட்டும் அரிசி, இரண்டில் மட்டும் இரும்பு; புளியங்கொட்டையைச் சரக்காக வைத்துக்கொள்ளலாம். ஒரு சுற்றுக்கு ஒரு கோடுதான் நகரலாம். மூன்று சரக்குக்கு மேல் சுமக்கக் கூடாது. இரண்டு அரிசியும் ஓர் இரும்பும் சேர்த்தால் ஒரு கலம்; அதிகக் கலம் வைத்திருப்பவர் வெற்றி பெற்றவர். எதற்கும் விலை எழுத வேண்டாம். ஐந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்குப் பத்துக் காசு அட்டையோடு தொடங்கி, அவர்களுக்குள்ளேயே பேரம் பேசட்டும். நாலைந்து சுற்றுக்குள் யாராவது ஒருவர், "இரும்பு இவ்வளவு விலையா, அநியாயம்!" என்று சத்தம் போடுவார். அந்த விலையை எழுதியது யார் என்று அப்போது அவரிடமே கேட்டுப் பாருங்கள்.