வியாபாரியை நம்பிய தூதர்

விலையின் குணம் நமக்குத் தெரியாததல்ல. 2019-இல் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், சில ஆண்டுகளிலேயே ஆயிரத்துக்கும் கீழே இறங்கியதை ராசிங்காபுரம், போடி வட்டார வணிகர்கள் கண்ணால் கண்டவர்கள். ஆனால் மளிகை விலை ஏறினால் மட்டும் 'பதுக்கல்காரன்' என்ற பழி முதலில் கடைக்காரர் தலையில்தான் விழுகிறது. கடைக்காரரை எதிரியாகப் பாராமல் விலையைக் கட்டிய ஒருவரை இங்கே நினைவுகூர விரும்புகிறோம். இந்தியாவுக்கு இரு முறை (1951-53, 1963-69) அமெரிக்கத் தூதராக வந்த செஸ்டர் பவுல்ஸ்தான் அவர்.

1901-இல் பிறந்த பவுல்ஸ், வியாபாரம் அறிந்தவர். 1929-இல் வில்லியம் பென்டன் என்பவருடன் கூட்டாக விளம்பர நிறுவனம் தொடங்கி, காபித்தூள் முதலான சரக்குகளுக்கு விளம்பரம் செய்து பொருள் ஈட்டினார். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943-இல், அமெரிக்காவின் விலைக் கட்டுப்பாட்டு அலுவலகம் அவர் பொறுப்பில் வந்தது. சர்க்கரை, இறைச்சி, வெண்ணெய் எல்லாம் ரேஷனில் இருந்த காலம் அது.

நாடு முழுவதும் கடைக்குக் கடை காவல் போடுவது நடவாத காரியம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர்க் குழுக்களில், பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்களே வேலை பார்த்தார்கள். உச்ச விலைப்பட்டியல் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கியது. தொழில்வாரியாக வணிகர்களின் ஆலோசனைக் குழுக்களையும் பவுல்ஸ் கலந்து பேசினார். கள்ளச்சந்தை அடியோடு ஒழியவில்லை. ஆயினும் போர் முடியும்வரை விலைவாசி பெரும்பாலும் கட்டுக்குள் நின்றது. 1946 ஜூன் 30-இல் சட்டம் காலாவதியானதும் விலைகள் மளமளவென ஏறின.

கனெக்டிகட் மாநில ஆளுநராக இருந்தபின் டெல்லி வந்த அவர், தம் பிள்ளைகளை இந்தியப் பள்ளிகளில் சேர்த்தார். 1952 அக்டோபர் 2-இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்துக்கு அமெரிக்க உதவி கிடைக்கப் பாடுபட்டார். 1965, 66 வறட்சியில், அதிபர் ஜான்சன் கோதுமையை அளந்து அளந்து அனுப்பியபோது, தாமதமின்றி அனுப்பும்படி வாதாடினார். நம் சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்து புதிய விதைகளைக் கொண்டுவந்த காலமும் அதுவே. பவுல்ஸ் 1986-இல் மறைந்தார்.

2023-இல் துவரை, உளுந்து, கோதுமைக்கு இருப்பு வரம்பு வந்தது. இத்தகைய உத்தரவுகளுக்கு முன் வணிகர்களை அழைத்துப் பேச வேண்டும் என்று நாம் கேட்பது நியாயமே. அந்த நியாயம் எடுபட வேண்டுமானால், நம் கடை விலைப்பலகையில் அன்றன்றைய விலை அன்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். நம்பிக்கை இரு கையாலும் தூக்க வேண்டிய மூட்டை அல்லவா!